சோற்றில் கலந்த மருந்து

மனம் நோயுற்ற மகன் மருந்தை மறுக்கிறான். தாய் அதைப் பொடித்து, அவனறியாமல் சோற்றில் பிசைந்து கொடுக்கிறாள். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமன்று, தேசமெங்கும் எத்தனையோ இல்லங்களில் நடைபெறும் காரியம் இது. அத்தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் முன்வரவில்லை. ஆயினும், ஒருவனுடைய சம்மதமின்றி அவனுடலில் மருந்தைச் செலுத்த எவருக்கு, எப்பொழுது உரிமை உண்டு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் இயலாது.

அந்நிய ஆட்சியின் 1912-ஆம் வருஷத்துச் சட்டம் இத்தகைய நோயாளியை அடைத்து வைக்க வேண்டியவனாகவே பெரிதும் கருதிற்று. 1987-இல் வேறு சட்டம் வந்தும் அம்மனப்பான்மை அகலவில்லை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தீயினின்று தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் தொகை 28.

2018 மே 29 முதல் அமலிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு நெறியை வகுத்துள்ளது. வயது வந்த எவரும் தமக்கு எச்சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னதாகவே எழுதி வைக்கலாம். தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். உயிருக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேருமெனில் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை அளிக்கலாம். தீர்மானிக்கும் சக்தி குன்றியவரை, இருவர் தனித்தனியே பரிசோதித்த பின், 30 நாள் வரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாம். அதை நீட்டிக்கவும் கட்டுப்பாடுகள் உண்டு.

இது நேரிய நெறியே. தன்னை மாய்த்துக்கொள்ள முனைபவனிடம் வாதாடிக்கொண்டு நிற்பது சுதந்திரத்தைப் போற்றுவதாகாது. ஆனால் ஆபத்து வேறு, நமது சௌகரியம் வேறு. மருந்தை மறுப்போர் எல்லோரும் அறிவிழந்து மறுப்பதில்லை. சில மருந்துகள் கைநடுக்கமும் உடல் விறைப்பும் தரும். திராட்சைத் தோட்டத்திலோ, குமுளிக்கு அப்பால் ஏலத் தோட்டத்திலோ கூலிக்குச் செல்பவனுக்குக் கை நடுங்கினால் பிழைப்பே போயிற்று. அவன் குறையைக் கேட்டு மருந்தை மாற்ற வைத்தியரால் இயலும். ஒளித்துக் கொடுப்பவரால் இயலாது. மேலும், தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று அஞ்சுவது இந்நோய் சிலரிடம் கொள்ளும் வடிவம். சோற்றில் மாத்திரையை அவன் கண்டுகொண்டால், அப்பொய்யச்சத்தை நாமே மெய்யாக்கியவர்களாவோம். அதன் பின் மருந்தும் இல்லை, தாய் கைச் சோறும் இல்லை.

தாய் ஏன் ஒளிக்கிறாள்? மகனிடம் பேசிச் சம்மதம் பெறத் தக்கவர் அருகில் இல்லாமையால். வர மறுப்பவனைக் கூடலூரிலிருந்து தேனியையும் கடந்து, க. விலக்கிலுள்ள அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதென்றால் ஒரு நாட்கூலி போகும். துணைக்கு இரண்டு ஆட்களும் வேண்டும். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு மனநல சிகிச்சையை ஜனங்களின் உரிமையாக்கியிருக்கிறது. வீட்டிலேயே அளிக்கும் உதவியையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆகவே கம்பம், உத்தமபாளையம், போடி ஆஸ்பத்திரிகளில் நாள் தவறாது மனநல வைத்தியர் இருப்பதும், வர மறுப்போரின் வீடு தேடிப் பயிற்சி பெற்ற ஊழியர் செல்வதும் சர்க்கார் காட்டும் சலுகை அல்ல.

சம்மதம் பெறுவதற்குக் காலமும் ஆளும் வேண்டும். அவ்விரண்டையும் தராத சர்க்கார், பலாத்காரத்தைத் தான் செய்யாமல், ஏழைத் தாயின் கையால் செய்விக்கிறது. அப்பாரத்தை அவளிடமிருந்து இறக்குவதே முதற்கடமை.