தூக்கி எறியுமுன் திறந்து பாருங்கள்

கிள்ளானில் எங்கள் வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபையரில் பாட்டைவிட இரைச்சலே அதிகம். எறிந்துவிடச் சொன்னார் அப்பா. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் துணையோடு திறந்தேன், மின்தேக்கிகள் உப்பிப்போயிருந்தன. ரயிலேறிக் கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போய், சில வெள்ளிக்குப் புதியவை வாங்கி வந்து ஈயம் வைத்துப் பொருத்தினோம். இரைச்சல் அடங்கியது.

அன்றிரவு, ஜாஸையும் கர்நாடக இசையையும் இணைத்த சக்தி குழுவின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டில் விக்கு விநாயக்ராமின் கடம் துல்லியமாகக் கேட்டது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த மின்தேக்கி, அன்றுதான் எனக்குப் புரிந்தது.

நம் இடைநிலைப் பள்ளிகளில் பழுதுபார்ப்பு மன்றம் வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே, வழிகாட்ட ஆசிரியர் அவசியம். கைபடாத அறிவியல் தேர்வோடு மறந்துபோகும்.