அமத்தினால் கூட்டாது: சினோ பிறஸ் பற்றி ஒரு புலம்பல்

ஸ்காபரோவிலை ஏதாவது ஒரு பிளாசாவுக்கோ கொண்டோவுக்கோ முன்னாலை, சினோ கொட்டி முடிஞ்ச அடுத்தநாள் போய்ப் பாருங்கோ. நடைபாதையிலை சினோவைவிட உப்புத்தான் கூடக் கிடக்கும். சப்பாத்துக்குக் கீழை நொறுநொறு எண்டும். இதைப் பாத்து "பரவாயில்லை, நல்லா வேலை செய்திருக்கிறாங்கள்" எண்டு நினைக்கிற ஆக்கள்தான் கனபேர். என்ர கருத்து அதுக்கு நேரெதிர். உப்பு அவ்வளவு கிடக்குதெண்டால் அதுக்கு முதல் நடந்த வேலை சரியில்லை எண்டு அர்த்தம்.

குளிர்காலத்திலை விடிய மூண்டு மணிக்கு எழும்பி இந்த வேலைக்குப் போற எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் இல்லை. நானும் அதிலை ஒருத்தன். சின்ன ட்றாக்டருக்கு முன்னாலை பூட்டுற சுழல் பிறஸ்தான் என்ர ஆயுதம் :-) கார் கழுவுற இடத்திலை சுத்துற பெரிய பிறஸ்ஸைப் படுக்கப் போட்டமாதிரி இருக்கும். நடுவிலை ஒரு உருளை. அதிலை வட்டம் வட்டமாய்க் கோத்த பிறஸ் வளையங்கள். சிலதிலை எல்லாமே பிளாஸ்ரிக் மயிர் (பொலிபுறொப்பிலின்), சிலதிலை இடைக்கிடை இரும்புக் கம்பி வளையமும் இருக்கும். ட்றாக்டரின்ர ஹைட்றோலிக் எண்ணெய் அழுத்தத்திலை ஒரு மோட்டர் அதைச் சுத்தும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சரிச்சு வைச்சால் சினோவை அந்தப் பக்கமாய் வீசும். சாமான் இவ்வளவுதான்.

இவ்வளவு லேசான சாமானை ஏன் பாதிப்பேர் பிழையாய்ப் பாவிக்கினம் எண்டதுதான் எனக்கு விளங்காத விசயம்.

ஊரிலை ஈர்க்கு விளக்குமாத்தாலை முத்தம் கூட்டுறதைப் பாத்திருப்பியள். நுனிதான் கூட்டும். அமத்திப் பிடிச்சால் ஈர்க்கு வளைஞ்சு படுத்திடும், குப்பை கீழையே கிடக்கும். சுழல் பிறஸ்ஸுக்கும் அதே விதிதான். மயிரின்ர நுனி நிலத்திலை தட்டி, நிமிர்ந்து, சினோவைச் சுண்டி எறியவேணும். ஆனால் ட்றாக்டரிலை இருக்கிற ஆளுக்கு அவசரம். பிளேற்றை அமத்திப் பழகின கை, பிறஸ்ஸையும் அமத்தும். அமத்தினவுடனை மயிர் பக்கவாட்டிலை படுத்து நிலத்தைத் தடவும், சுண்டாது. பிளாஸ்ரிக் சூடேறும், கெதியிலை தேயும். இதெல்லாத்தையும் விட மோசம், நிலத்திலை ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். அந்தப் படலம் கொஞ்ச நேரத்திலை கண்ணாடி மாதிரி உறையும். பிறகென்ன? அதுக்கு மேலை உப்பைக் கொட்டுறதுதான்!

அதாலை நான் சொல்லுறது, உப்புப் பிரச்சினையிலை ஒரு பங்கு பிறஸ் சரிபாக்காத பிரச்சினை.

சரிபாக்கிறது எப்பிடி? ஐஞ்சு நிமிச வேலை. தூசி இருக்கிற, இல்லாட்டி மெல்லிசாய்ச் சினோ படிஞ்ச மட்டமான ஒரு இடத்திலை ட்றாக்டரை நிப்பாட்டுங்கோ. பிறஸ்ஸை மெதுவாய் இறக்கி, வண்டியை அசைக்காமல் அரை நிமிசம் சுத்தவிடுங்கோ. பிறகு தூக்கிப்போட்டு பின்னுக்கு எடுத்து, நிலத்திலை கூட்டுப்பட்ட அடையாளத்தைப் பாருங்கோ. ஒரு முனையிலை இருந்து மற்ற முனை மட்டும் ஒரே அகலமாய், 5 தொடக்கம் 10 சென்ரிமீற்றர் அகலத்திலை ஒரு பட்டி தெரியவேணும். அதைவிட அகலமெண்டால் அமத்தம் கூட. ஒரு பக்கம் அகலம், மற்றப்பக்கம் ஒடுக்கம் எண்டால் பிறஸ் சரிஞ்சு நிக்குது, மட்டம் திருத்தவேணும். நடுவிலை ஒடுங்கி ரெண்டு பக்கமும் அகண்டால், நடு மயிர் தேஞ்சிட்டுது. மயிர் தேயத்தேய பிறஸ் குள்ளமாகும். அதாலை சீசன் துவங்கேக்க ஒருக்காப் பாத்தது மார்கழி மட்டும் காணாது. அடிக்கடி பாக்கவேணும்.

தேஞ்ச வளையங்களை மாத்தேக்க நடுவிலை ரெண்டு, ஓரத்திலை ஒண்டெண்டு புதுசு போடுற கஞ்சத்தனமும் இருக்கு. புது மயிர் நீளம், பழசு கட்டை. புதுசு நிலத்தைத் தொட பழசு அந்தரத்திலை நிக்கும். மாத்தினால் முழுசாய் மாத்தவேணும்.

ஓட்டுற விதத்திலையும் சில விசயம் இருக்கு. காத்துக்கு எதிராய் வீசினால் சினோ முழுக்க உங்கட முகத்துக்கே திரும்பி வரும், முன்னாலை போற ஆளும் தெரியாது. காத்துப் போற பக்கமாய்ச் சரிச்சு வைக்கவேணும். சினோ ஈரமாயோ ஆழமாயோ இருந்தால் பிறஸ் வேகம் கூட, வண்டி வேகம் குறைய. இல்லாட்டி மேல்மூடிக்குள்ளை சினோ அடைஞ்சு கட்டியாகிடும். ஒரே தரத்திலை முடிக்கப் பாக்காமல் ரெண்டு மூண்டு தரம் போறது நல்லது. வீசுற பக்கத்திலை கார், கண்ணாடி, ஆக்கள் இருக்கினமோ எண்டும் பாக்கவேணும். பிறஸ்ஸுக்குச் சினோ எது, சல்லிக்கல்லு எது எண்டு தெரியாது, எல்லாத்தையும் ஒரே வேகத்திலைதான் எறியும். கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு இறங்கக்கூடாது. கம்பி மயிர் முறிஞ்சு பறக்கிறதும் இருக்கு.

முக்கியமான காரியம் நேரம். ஆக்கள் மிதிக்க முதல் கூட்டவேணும். பஞ்சுபோலை கிடக்கிற சினோவைப் பிறஸ் சொர்க்கமாய்க் கூட்டும். நூறு சப்பாத்து மிதிச்சு இறுகின சினோவை எந்தப் பிறஸ்ஸாலையும் ஒண்டும் செய்ய ஏலாது.

வேலை முடிஞ்ச பிறகுதான் நிறையப்பேர் கோட்டை விடுறது. பிறஸ்ஸைத் தூக்கி வைச்சு கொஞ்சநேரம் சும்மா சுத்தவிட்டால் ஈரம் பறந்திடும். எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டு, மூடிக்குள்ளை இறுகினதை ஒரு தடியாலை தட்டிவிடவேணும். இதைச் செய்யாட்டி அடுத்தநாள் விடிய பிறஸ்ஸின்ர ஒரு பக்கம் ஐஸ்கட்டி. சுத்தத் துவங்கினவுடனை ட்றாக்டரே குலுங்கும், அந்தக் குலுக்கம் பெயாரிங்கைத் தின்னும். நிப்பாட்டி வைக்கேக்க பாரம் மயிரிலை இருக்கக்கூடாது, தாங்குகால் போட்டு வைக்கவேணும். கிழமைக்கணக்கிலை நிலத்திலை அமந்து கிடந்தால் ஒரு பக்கம் தட்டையாகிடும். பிறகு எப்பிடி மட்டம் பாத்தும் பிரயோசனமில்லை. கோடையிலை வெயில் படாத இடம், பிளாஸ்ரிக்குக்கு வெயில் எதிரி.

ஒரு விசயத்தை மட்டும் பகிடியில்லாமல் சொல்லவேணும். ஹைட்றோலிக் குழாயிலை எண்ணெய் கசியுதெண்டு சந்தேகம் வந்தால் கையாலை தடவிப் பாக்காதேங்கோ. ஊசிமுனை ஓட்டையாலை வாற எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும். வெளியிலை சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், நோவும் முதலிலை பெரிசாய் இராது. ஆனால் அது உடனை ஆஸ்பத்திரிக்குப் போய் சத்திரசிகிச்சை செய்யவேண்டிய காயம், பிந்தினால் விரலோ கையோ போகலாம். ஒரு காட்போட் மட்டையைப் பிடிச்சுப் பாருங்கோ, எண்ணெய் பட்டால் மட்டை நனையும். மட்டை போனால் இன்னொண்டு இருக்கு...

சரி, உப்புக்கு வருவம்.

உப்புப் போடுறது பாவமெண்டு நான் சொல்லவரேல்லை. உறைமழை பெய்து நிலம் முழுக்கக் கண்ணாடியான நாளிலை பிறஸ் வெறும் விளையாட்டுச் சாமான். அண்டைக்கு உப்புத்தான் காப்பாத்தும். ஆனால் மறைக்குப் 10 பாகைக்குக் கீழை போனால் சாதாரண உப்பு மந்தமாகிடும், மறை 21 பாகைக்குக் கீழை அதாலை ஐஸை உருக்கவே ஏலாது. அப்பிடிக் குளிரிலையும் வாளி வாளியாய்க் கொட்டுறதைப் பாத்திருக்கிறன். அது வேலை செய்யாது எண்டு கொட்டுறவருக்கும் தெரியும். "போட்டம்" எண்டு காட்டுறதுக்காகத்தான்.

அந்த உப்பு எங்கை போகுது? கனடா அரசாங்கம் 2001இலை ஆராய்ஞ்சு வீதி உப்பு சூழலுக்கு நஞ்சு எண்டு முடிவுக்கு வந்தது. 2004இலை அதைக் கையாளுறதுக்கு ஒரு நடைமுறைக் கோவையும் வெளியிட்டது. நன்னீர் உயிர்களுக்கு நீண்டகாலத்துக்குத் தாங்கக்கூடிய குளோரைட் அளவு ஒரு லீற்றருக்கு 120 மில்லிகிராம் எண்டது 2011இலை வந்த கனேடிய வழிகாட்டி. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. கடையிலை விக்கிற 20 கிலோ உப்புப் பையிலை கிட்டத்தட்ட 12 கிலோ குளோரைட். அந்த ஒரு பை, ஒரு லட்சம் லீற்றர் சுத்தமான தண்ணியை அந்த எல்லை மட்டும் கொண்டுபோகும். ஒரே ஒரு பை! உருகின தண்ணி கானுக்குப் போய், ஹைலண்ட் கிறீக்குக்குப் போய், ஒன்ராறியோ ஏரிக்குப் போகுது. ரொறன்ரோவிலை நாங்கள் குடிக்கிற தண்ணியும் அந்த ஏரியிலை இருந்துதான் வருது. உப்பு உக்கிப்போற சாமானும் இல்லை. போட்டது போட்டதுதான்.

"பிறஸ்ஸாலை எல்லாம் நடக்குமோ?" எண்டு கேக்கிற ஆக்களுக்கு ரெண்டு உதாரணம். எயார்போட்டிலை ஓடுபாதைக்குச் சாதாரண உப்புப் போடுறதில்லை. விமானத்தின்ர உலோகத்தை அரிக்கும். பெரிய பிளேற்றாலை தள்ளி, சுழல் பிறஸ்ஸாலை கூட்டி, காத்தாலை ஊதி, தேவைப்பட்டால் மட்டும் பொட்டாசியம் அசற்றேற் மாதிரி வேறை மருந்து போடுகினம். நூற்றுக்கணக்கான ஆக்களோடை விமானம் இறங்கிற இடத்துக்குப் பிறஸ் காணுமெண்டால், பிளாசா வாசலுக்குக் காணாதோ? மற்றது சுவீடன். லிங்கோப்பிங் நகரத்திலை சைக்கிள் பாதைக்கு முன்னாலை பிறஸ்ஸாலை கூட்டி, பின்னாலை உப்புத்தண்ணி தெளிக்கிற முறையைப் பரீட்சிச்சுப் பாத்தினம். பிறகு ஸ்ரொக்ஹோமும் அதைப் பாவிக்கத் துவங்கிச்சுது. அவையள் உப்பைக் கைவிடேல்லை. முதலிலை வடிவாய்க் கூட்டி, மிஞ்சுறதுக்கு மட்டும் உப்பு. ஒழுங்கு அதுதான்.

இஞ்சை ஏன் அப்பிடி நடக்குதில்லை? பயமும் காசும். ஆரும் விழுந்து வழக்குப் போட்டால் "உப்புப் போட்டம்" எண்டு காட்டக் கையிலை ஏதாவது வேணும். ஒன்ராறியோவிலை 2021 தை 29இலை இருந்து ஒரு சட்டம் நடைமுறையிலை இருக்கு. தனியார் இடத்திலை சினோவாலையோ ஐஸாலையோ விழுந்து காயப்பட்டால் பொதுவாய் 60 நாளுக்குள்ளை எழுத்திலை அறிவிக்கவேணும். அதாலை பயம் கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சன், உப்புக் குறைஞ்சமாதிரித் தெரியேல்லை. மற்றது ஒப்பந்தம். உப்புப் போட்ட தடவைக்கு இவ்வளவு எண்டு காசு எழுதினால், ஆர் உப்பைக் குறைப்பினம்? பிறஸ் மட்டம் பாக்கிற ஐஞ்சு நிமிசத்துக்கு எந்த ஒப்பந்தத்திலையும் காசு எழுதி நான் காணேல்லை. ஓட்டுற பொடியனுக்கு விடியிறதுக்குள்ளை எட்டு இடம் முடிக்கவேணும் எண்டால் அவன் அமத்தாமல் என்ன செய்வான்? அவனிலை எனக்குக் கோவமில்லை.

அதாலை கொண்டோ நிர்வாகத்திலை, கோயில் நிர்வாகத்திலை, மண்டபக் கொமிற்றியிலை இருக்கிற ஆக்களுக்குத்தான் என்ர வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தம் எழுத முதல் நாலு கேள்வி கேளுங்கோ. நடைபாதையைத் தள்ளுவியளோ, கூட்டுவியளோ? பிறஸ்ஸின்ர பட்டியைக் கடைசியாய் எப்ப பாத்தனீங்கள்? மறை 15 பாகையிலை என்ன போடுவியள்? கூட்டின நேரத்தை எழுதி வைப்பியளோ? உப்புக்குக் கணக்கு எழுதிற மாதிரிக் கூட்டினதுக்கும் எழுதினால், வழக்கு வந்தாலும் அதுவும் ஒரு சாட்சிதான். பதில் சொல்லத் தெரியாதவர் விலை குறைச்சுச் சொன்னாலும் யோசியுங்கோ.

இது வெறும் மீனுக்கும் ஆத்துக்குமான கதை இல்லை. கார் ஓடுற ஆக்களுக்கு வாசலிலை இருந்து கார் மட்டும் பத்தடி. பஸ் பிடிச்சுப் போற எங்கட அம்மாக்கள், அப்பாக்களுக்கு அந்த நடைபாதை முழுக்கவும் நடக்கவேணும். அவையளுக்கு வேண்டியது காஞ்ச சீமெந்து. வடிவாய்க் கூட்டின நிலத்திலை ஒரு கைப்பிடி உப்புக் காணும். கூட்டாத நிலத்திலை ஒரு மூட்டை போட்டாலும் வழுக்கும்.