நல்ல ஹெச்.எம். யாருக்கு நல்லவர்?

மே மாதக் கடைசியில் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் தவறாமல் ஒரு செய்தி வரும். பணி ஓய்வு பெறும் தலைமை ஆசிரியருக்கு மோதிரம் போட்டு, டிராக்டரில் ஏற்றி, மேளத்தோடு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள் என்று. ‘ஊர் மக்கள் கண்ணீர் மல்க விடை கொடுத்தனர்’ என்று அது முடியும். அந்த ‘ஊர் மக்களில்’ காலனி இருந்ததா என்று எந்தச் செய்தியாளரும் விசாரித்து எழுதி நான் படித்ததில்லை. மேளம் அடித்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக வட மாவட்டங்களில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஏழு தலைமை ஆசிரியர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். பிறந்தது காலனியில். என் மகள் படிப்பதும் அரசுப் பள்ளியில்தான். ஆகவே அந்த அறையின் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பழக்கம் உண்டு. ‘நல்ல ஹெச்.எம்.’ என்ற பட்டத்தை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல், தலைமை ஆசிரியர்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசுவதில் பொருளில்லை என்பது என் கட்சி.

ஆசிரியர் அறையின் எதிர்பார்ப்பு சின்னது. தற்செயல் விடுப்புக்குக் கேள்வி கேட்கக் கூடாது. எமிஸ் பதிவை எல்லார் தலையிலும் பிரித்துப் போட வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வரும்போது நம்மைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இவ்வளவு செய்தால் அவர் தங்கமான மனிதர். ஊர்த்தெருப் பெற்றோர்களுக்குக் கண்டிப்பும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடும் வேண்டும். திருவிழாவுக்கு வந்து ஒரு மாலை வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

காலனிப் பெற்றோர் அளக்கும் அளவு வேறு. ‘உட்காருங்கம்மா’ என்று சொன்னாரா? மாற்றுச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அலையவிட்டார்? ஊக்கத்தொகைக்கு வங்கிக் கணக்கு நகல் கேட்டபோது, ‘உங்களுக்குத்தான் எல்லாம் சும்மா வருதே’ என்று ஒரு வார்த்தை விட்டாரா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவரச் சொல்லி எந்தப் பையனை அனுப்புகிறார்? கழிப்பறை அடைத்துக்கொண்டால் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்? இந்தக் கணக்கைத் தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நேரில் கேட்டால், ‘ஹெச்.எம். சார் நல்லவருதான் சார்’ என்பார்கள். பிள்ளை இன்னும் மூன்று வருடம் அதே பள்ளியில் படித்தாக வேண்டும். அந்தப் பதிலை மனநிறைவு என்று எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகில் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை மீது வழக்குப் பதிவாகி, அவர் கைது செய்யப்பட்டார். விஷயம் வெளியே வந்தது எப்படி? ஒரு சிறுவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்த பிறகு, அவன் தாய் விசாரித்ததால். காய்ச்சல் வராமலிருந்தால்? பிள்ளைகள் வீட்டில் சொல்லவில்லை. கழிப்பறை கழுவுவது பாடவேளையைப் போல அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

பெற்றோரின் குரலுக்கு வலிமை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரின் இடமாறுதலை எதிர்த்து மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுத படத்தை நாடே பார்த்தது, பெற்றோரும் கூட நின்றார்கள், மாறுதல் நிறுத்திவைக்கப்பட்டது. மனம் நெகிழத்தக்க செய்திதான். அடுத்த மாதமே திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில் இன்னொரு கூட்டம் பெற்றோர் பள்ளி முன்னால் திரண்டார்கள். அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். அவர்கள் குரலுக்கும் உடனே பலன் கிடைத்தது. அந்தச் சமையலரை இடம் மாற்றி ஆணை போட்டார்கள். தோழர்கள் போராடிய பிறகுதான் அது ரத்தானது. இரண்டு இடத்திலும் அலுவலகம் பெற்றோர் சொன்னதைக் கேட்டது. பாலக்கரைத் தாய்க்கோ மருத்துவமனைப் படுக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்றோர் எல்லாரையும் ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, எல்லாருடைய குரலும் அலுவலகத்துக்கு ஒரே நேரத்தில் கேட்பதில்லை.

என் அனுபவத்தில் மிகவும் ஆபத்தானவர் சாதி பேர் சொல்லித் திட்டும் தலைமை ஆசிரியர் அல்லர். அவர் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மாட்டுவார். ‘சமாதானமாப் போயிடலாம்’ என்பவர்தான் ஆபத்து. இவருக்கு இரண்டு பக்கமும் நல்ல பேர். காலனிப் பையனை ஊர்ப் பையன்கள் கயிறு நிறம் கேட்டு அடித்தார்கள் என்று புகார் வந்தால், அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஊர்ப் பெரியவருக்குப் போன் செய்வார். பெரியவர் வருவார், நாற்காலியில் உட்காருவார். அடி வாங்கியவனின் அப்பா நின்றுகொண்டிருப்பார். இரண்டு பையன்களையும் கைகுலுக்க வைத்து, ‘இனிமே அண்ணன் தம்பியா இருங்கடா’ என்று அனுப்புவார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரே கல்வியாண்டில் நான்கு முறை இந்தக் கைகுலுக்கலைப் பார்த்தேன். நான்கு முறையும் அடி வாங்கியது ஒரே தெருவின் பிள்ளைகள். பதிவேட்டில் ஒரு வரி கிடையாது. அந்த ஆண்டுப் பள்ளி ஆய்வில் ‘மாணவரிடையே நல்லிணக்கம் நிலவுகிறது’ என்று எழுதப்பட்டது. அப்படி ஒரு கலம் எதற்கு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

புகார் எங்கே போகிறது, யார் காதுக்கு முதலில் போகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் அந்த மாணவர் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் தொல்லை கொடுத்தவர்களைப் பற்றிய புகார் பள்ளிக்கு வந்தது. புகார் வந்த சேதி சம்பந்தப்பட்டவர்களுக்கும் எட்டியது. பிறகுதான் அரிவாள் வந்தது.

இதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களாகவும் மாவட்டக் கல்வி அலுவலர்களாகவும் அந்தப் பகுதியின் பெரும்பான்மை ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்களை நியமிக்கக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாறுதல் செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு. ‘அப்போ நாங்க எல்லாம் சாதி வெறியங்களா? வாத்தியாருக்குச் சாதி ஏது?’ என்றார் ஒரு நண்பர். அவருடைய சங்கத்தின் சாதி அடையாளம் போட்ட நாள்காட்டி அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று அந்தப் பரிந்துரை தீர்ப்புச் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் பெரியப்பா முறை ஆகிவிட்டால் தலைமை ஆசிரியரால் அவரை நிற்க வைத்துப் பேச முடியாது. அவ்வளவுதான் அதன் நியாயம். நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஆளை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த இன்னொரு பள்ளிக்குப் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் பதவி உயர்வில் தலைமை ஆசிரியராக வந்தார். மூன்றாவது வாரத்திலேயே சிலர் விடுப்புக் கடிதத்தை அவரிடம் தராமல் உதவித் தலைமை ஆசிரியரிடம் தர ஆரம்பித்தார்கள். முன்பிருந்தவர் காலத்தில் பத்து மணிக்கு வந்தாலும் யாரும் கேட்டதில்லை. இவர் தாமதத்தைக் குறித்ததும், ‘அதிகாரம் புதுசு இல்ல’ என்று பேச்சு. ஊர்த்தெருவிலிருந்து மொட்டைக் கடிதம் போயிற்று. காலனிப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறாராம். அந்தச் சலுகை என்னவென்றால், தண்ணீர் பிடிக்கும் வேலையை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்தார். அவ்வளவுதான். பெற்றோரின் அதிருப்தி, ஆசிரியர்களின் ஒத்துழையாமை என்று இரண்டு காரணம் காட்டி இரண்டாம் ஆண்டில் அவரை மாற்றினார்கள். எந்தப் பெற்றோரின் அதிருப்தி என்று அலுவலகம் கேட்கவில்லை. காலனித் தாய்மார்கள் மனு எழுதத் தெரியாமல் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுதினார்கள், பன்னிரண்டு கையெழுத்தோடு நானே படித்துப் பார்த்த மனு அது. ஒப்புகைச் சீட்டு கொடுக்க ஆளில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. அங்கே எடுத்துச் சொல்லப்படும் கடமைகள் பெரும்பாலும் காவல் நிலையத்துக்கு உரியவை: புகாரைப் படித்துக் காட்டுவது, முதல் தகவல் அறிக்கை பதிவது, நகல் கொடுப்பது. பள்ளியில் புகார் வாங்கும் தலைமை ஆசிரியருக்கு இப்படி எழுதிவைத்த கடமை வேண்டும். அதுவரை, கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம். நடைமுறையில் காலனி உறுப்பினரின் வீட்டுக்குத் தீர்மான நோட்டு கையெழுத்துக்காக வருகிறது. கூட்டம் நடந்ததே அப்போதுதான் தெரிகிறது.

தோழர்கள் இந்தக் கல்வியாண்டில் இதையாவது செய்யுங்கள். உங்கள் பகுதிப் பள்ளியின் குழுவில் காலனியிலிருந்து யார் உறுப்பினர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரோடு கூட்டத்துக்கு ஒருவர் துணைக்குப் போங்கள். இரண்டு கூட்டத்தில் ஒன்றைக் காலனிச் சமுதாயக் கூடத்தில் நடத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். மாணவர் புகார்களுக்குப் பக்க எண் போட்ட தனிப் பதிவேடு, புகார் கொடுத்தவருக்குத் தேதியும் முத்திரையும் உள்ள சீட்டு, மூன்று நாளுக்குள் மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். புகார் கொடுத்த பிள்ளையின் பெயர் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதையும் சேருங்கள். பெற்றோரை உட்கார வைத்துப் பேச நாற்காலி வேண்டும் என்பதையும் எழுதலாம், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தீர்மானத்தை ஏற்க மறுத்தால், மறுத்ததை அதே நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.