ஜெனரலின் பள்ளிக்கூடம்

குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, இடம் கிடைக்குமா, பரீட்சை வைப்பார்களா, என்ன கேள்வி கேட்பார்கள் - இதே கவலைதான். குழந்தை உள்ளே நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாயாரின் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை நீங்களே அந்தத் தாயாராகவும் இருக்கலாம்.

இந்த வாரம் ஒரு வேடிக்கையான பிரவேசப் பரீட்சையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். வேடிக்கை என்றேனே தவிர, பரீட்சை எழுதிய பையனுக்கு அது உயிர்ப் பிரச்னையாக இருந்தது.

1872-ஆம் வருஷம். அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தில், கடலோரத்தில் ஹாம்ப்டன் என்ற ஊர். அங்கிருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் வந்து நின்றான். பிறக்கும்போது அடிமை. ஏறக்குறைய 500 மைல் தூரத்திலிருந்து, கொஞ்சம் வண்டியிலும் பெரும்பாலும் நடந்துமாக வந்திருந்தான். வழியில் ரிச்மண்டு நகரத்தில் கையில் காசு இல்லாமல், மர நடைபாதைக்கு அடியில் புகுந்து தூங்கினான். பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி வாங்கினான். ஹாம்ப்டனுக்கு வந்து சேர்ந்தபோது அவனிடம் மிச்சம் இருந்தது அரை டாலர். குளித்து எத்தனை நாளாயிற்றோ! சட்டை அழுக்கு, முகம் வாட்டம்.

தலைமை உபாத்தியாயினி மிஸ் மேரி மாக்கி அவனை மேலும் கீழும் பார்த்தார். சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மற்றப் பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இவன் நின்றுகொண்டே இருந்தான். சில மணி நேரம் கழித்து அந்த அம்மாள் ஒரு துடைப்பத்தைக் காட்டி, பக்கத்து வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார்.

பையன் மூன்று முறை பெருக்கினான். பிறகு துணியை எடுத்து நான்கு முறை தூசி துடைத்தான். பெஞ்சு, மேஜை, சுவர்ப் பலகை எதையும் விடவில்லை. மிஸ் மாக்கி வந்து தம் கைக்குட்டையால் மேஜையையும் சுவரையும் தேய்த்துப் பார்த்தார். (நம் ஊர் மாமியார்களுக்கு இந்த வித்தை புதிதல்ல!) கைக்குட்டையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை. பையனுக்கு இடம் கிடைத்தது. சாப்பாட்டுச் செலவுக்கு வழியாக, கட்டடத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் கிடைத்தது.

அந்தப் பையன்தான் புக்கர் டி. வாஷிங்டன். 1903-ல் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் காந்திஜி வியந்து எழுதியது இவரைப் பற்றித்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது புக்கரைப் பற்றி அல்ல. துடைப்பத்தைப் பரீட்சையாக வைக்கும் பள்ளிக்கூடத்தை உண்டாக்கினாரே, அந்த மனிதரைப் பற்றி. பெயர் சாமுவேல் சாப்மன் ஆம்ஸ்ட்ராங். ராணுவத்தில் ஜெனரல்.

அவர் பிறந்தது 1839-ல், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில். தகப்பனார் பாதிரியார், பிற்பாடு ஹவாய் ராஜாவின் அரசாங்கத்தில் கல்வி இலாகாவைக் கவனித்தவர். அங்கே ஹீலோ என்ற ஊரில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் பாதி நாள் படிப்பார்கள். பாதி நாள் தோட்ட வேலை, தச்சு வேலை என்று செய்து தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்வார்கள். சிறுவன் சாமுவேலின் மனத்தில் இது நன்றாகப் பதிந்துவிட்டது.

1860-ல் தகப்பனார் காலமானார். அதே வருஷம் மகன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, வில்லியம்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1862-ல் பட்டம் பெற்ற கையோடு உள்நாட்டு யுத்தத்தில் வடக்குப் படையில் சேர்ந்துவிட்டார். போன சூட்டில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற இடத்தில் எதிரிகளிடம் சிறைப்பட்டார். விடுதலையாகி மறுபடியும் போனார். கெட்டிஸ்பர்க் யுத்தத்திலும் இருந்தார். அதன் பிறகுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட உத்தியோகம் வந்தது. கறுப்பினச் சிப்பாய்கள் அடங்கிய படைகளுக்கு அவரை அதிகாரியாகப் போட்டார்கள். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் துப்பாக்கி ஏந்தி எப்படிப் போரிடுகிறார்கள் என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். கிடைத்த ஓய்வில் எழுத்துக் கற்றுக்கொள்ளத் துடித்த துடிப்பையும் பார்த்தார்.

யுத்தம் முடிந்து ராணுவத்தைவிட்டு வெளியே வந்தபோது அவருக்கு வயது 26. பிரிகேடியர் ஜெனரல் என்ற கௌரவப் பதவி. நம்முடைய வழக்கத்தில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி என்றால் நரைத்த மீசையும் கைத்தடியும் நினைவுக்கு வரும். இவரோ தலைமயிர் நரைப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்.

1866-ல் விடுதலை பெற்ற அடிமைகளின் நலனைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவின் அதிகாரியாக ஹாம்ப்டனுக்கு அனுப்பப்பட்டார். அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. பக்கத்திலே மன்றோக் கோட்டை. 1861-ல் மூன்று அடிமைகள் இரவில் படகேறித் தப்பிவந்து அந்தக் கோட்டையில் அடைக்கலம் கேட்டார்கள். தளபதி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். செய்தி பரவியது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முதலில் எழுத்தறிவித்தவர் ஒரு தையற்காரப் பெண்மணி. பெயர் மேரி பீக். வர்ஜீனியாவில் அடிமைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றமாக இருந்த நாளிலேயே, பகலில் துணி தைத்து, ரகசியமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். 1861-ல் ஒரு பெரிய ஓக் மரத்தின் நிழலில் பகிரங்கமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். காச நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1862 பிப்ரவரியில் இறந்துபோனார். ஜெனரலின் பெயர் சரித்திரத்தில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த அம்மாளின் பெயர் அவ்வளவு பெரிதாக எழுதப்படவில்லை. அதனால்தான் இங்கே சற்று நின்று சொன்னேன். அந்த மரம் இப்போதும் ஹாம்ப்டன் சர்வகலாசாலையின் வளாகத்தில் கிளை விரித்து நிற்கிறது.

1868 ஏப்ரலில் ஆம்ஸ்ட்ராங் தம் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. இங்கே படித்தவர்கள் தங்கள் ஜனங்களிடம் திரும்பிப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லாதவர்கள் வயலிலும், பட்டறையிலும், சமையலறையிலும், சலவைக்கூடத்திலும் வேலை செய்து கட்டணத்தை அடைக்கலாம். ஹீலோவின் நினைவு இங்கே பயிராயிற்று.

ராணுவமும் அவரை விடவில்லை. மாணவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், ஜெனரல் பார்வையிடுவார். பூட்ஸ் பளபளக்க வேண்டும், சட்டையில் எண்ணெய்க் கறை கூடாது, ஒரு பொத்தான் அறுந்திருந்தாலும் கேள்விதான். பலருக்கு உடுத்த இரண்டாவது உடுப்பே கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். இரவில் துவைத்து, அடுப்பருகே உலர்த்தி, காலையில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

புக்கர் தம் சுயசரிதையில் சொல்லும் ஒரு சங்கதி என்னைச் சிரிக்கவும் வைத்தது, கலங்கவும் வைத்தது. படுக்கையில் இரண்டு விரிப்புகள் இருந்தன. அதற்கு முன் விரிப்பில் படுத்தறியாத பையன் முதல் நாள் இரண்டுக்கும் அடியில் படுத்தான். மறுநாள் இரண்டுக்கும் மேலே படுத்தான். மற்றவர்களைப் பார்த்துத்தான், நடுவில் படுக்க வேண்டும் என்பது தெரிந்தது. யாரையும் கேட்க வெட்கம்!

துடைப்பத்தைக் கொடுத்த மிஸ் மாக்கியைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு ஒரு வருஷம், பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் புக்கரை வரவழைத்தார். அந்த இரண்டு வாரமும் அவரும் புக்கருமாகச் சேர்ந்து ஜன்னல்களைக் கழுவினார்கள். வடக்கே நல்ல குடும்பத்தில் பிறந்து, நன்றாகப் படித்த பெண்மணி அவர்.

இட நெருக்கடியான ஒரு குளிர்காலத்தில் பையன்கள் கூடாரங்களில் தூங்கினார்கள். காற்றில் சில கூடாரங்கள் பறந்தே போயின. விடியற்காலையில் ஜெனரல் வந்து குரல் கொடுப்பாராம்; அந்தக் குரலைக் கேட்டால் குளிர் மறந்துவிடும் என்கிறார் புக்கர். புதுக் கட்டடத்துக்குப் பணம் வேண்டுமே? 1873-ல் மாணவ மாணவிகளின் பாட்டுக் கோஷ்டி ஒன்று வட நகரங்களுக்குப் புறப்பட்டது. அடிமை நாட்களின் பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடிப் பணம் சேர்த்தார்கள். அப்படி எழுந்ததுதான் 'வர்ஜீனியா ஹால்'. ஜெனரலும் நிதி கேட்டு ஓயாமல் ஊர் சுற்றினார். 1869-ல் மணந்த மனைவி எம்மா, இரண்டு சிறு பெண்களை விட்டுவிட்டு 1878-ல் காலமானார். கணவர் வீட்டில் தங்கிய நாட்களை அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெனரல் அப்பழுக்கற்றவர் என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. கறுப்பின மக்கள் அரசியலில் அவசரப்படக் கூடாது, முதலில் கைத்தொழிலும் ஒழுக்கமும் கற்கட்டும் என்பது அவர் அபிப்பிராயம். பெரியவர் சிறியவருக்குச் சொல்லும் தோரணை அதில் உண்டு. ஓட்டுரிமையும் உயர்கல்வியும் இல்லாத தொழிற்படிப்பு எங்களைத் தாழ்ந்த நிலையிலேயே நிறுத்திவிடும் என்று 1903-ல் டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் வாதாடினார். அவர் குறி வைத்தது புக்கரை. ஆனால் அம்பு குருவுக்கும் பட்டது. 1878 முதல் அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளையும் ஹாம்ப்டனில் சேர்த்தார்கள். அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் விடச்செய்து 'நாகரிகம்' கற்பித்தார்கள். தாய் தகப்பன் முகம் பார்க்காமலே நோயில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஒரு தாயாராக இருந்து இதைப் படித்தால் ஜெனரலை அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியாது.

டு பாய்ஸ் பேசியதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதற்கு ஹாம்ப்டனிலேயே சாட்சி இருக்கிறது. அதே ஊரில் பிறந்து, அதே ஸ்தாபனத்தில் 1942-ல் கணிதமும் விஞ்ஞானமும் படித்துப் பட்டம் பெற்றவர் மேரி ஜாக்ஸன். அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவில் 1958-ல் எஞ்சினீயரான முதல் கறுப்பினப் பெண்மணி. அந்த வேலைக்கு வேண்டிய மாலை வகுப்புகள் வெள்ளையர் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்தன. உள்ளே போய் உட்காரவே அவர் நகர அதிகாரிகளிடம் தனி அனுமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஜெனரலின் கடைசி நாட்களுக்கு வருகிறேன். 1881-ல் அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரிலிருந்து, புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவர் வேண்டுமென்று கடிதம் வந்தது. அவர்கள் எதிர்பார்த்தது ஒரு வெள்ளைக்காரரை. ஜெனரல் சிபார்சு செய்ததோ புக்கரை. அன்றைக்கு அது சின்னத் துணிச்சல் அல்ல.

பத்து வருஷத்துக்குப் பின், 1891-ல், ஜெனரலுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் விழுந்து, பேச்சும் குழறியது. அந்த நிலையிலும் டஸ்கீகியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஆயிரம் பேருக்கு மேல், எரியும் பைன் மரக் கட்டைகளைக் கையில் ஏந்திப் பாதையின் இருபுறமும் நின்றார்கள். நடுவே அவருடைய வண்டி ஊர்ந்தது. புக்கரின் வீட்டில் இரண்டு மாதம் தங்கினார்.

1893 மே 11-ஆம் தேதி ஹாம்ப்டனில் காலமானார். எழுதி வைத்திருந்த குறிப்பில் நினைவு மண்டபம் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தின் இடுகாட்டில், அடுத்து ஒரு மாணவன் இறந்தால் அவனுக்கு எந்த இடம் வருமோ, அந்த இடத்தில் தம்மைப் புதைத்தால் போதும் என்று எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள்.