மூன்று வயதுக்கு முழு டிக்கெட்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் கிஞ்சரப்பு ராம்மோகன் நாயுடு அவர்களுக்கு,



பெங்களூரு ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். மகளுக்கு மூன்று வயது. மகனுக்குப் பத்து மாதம். பிறந்த வீடு மதுரை.

2021 ஜனவரியில், நீங்கள் ஸ்ரீகாகுளம் எம்.பி.யாக இருந்தபோது, மனைவியின் பிரசவ சமயத்தில் உடனிருக்க வேண்டும் என்று பட்ஜெட் கூட்டத்தொடரிலிருந்து சில நாள் விடுப்புக் கேட்டீர்கள். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் பெண்ணின் பாடு மட்டுமல்ல என்று ஓர் ஆண் எம்.பி. வெளிப்படையாகச் சொன்னது அப்போது பெரிய செய்தி. அவரே இன்றைக்கு விமானத் துறையின் அமைச்சர். பால் புட்டியும் டயபர் பையுமாக விமானம் ஏறுகிறவர்களின் சங்கடத்தை உங்களுக்கு அ, ஆவிலிருந்து விளக்க வேண்டியிருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் குறை இதுதான். இரண்டு வயது முடிந்த குழந்தையிடம் காசு வாங்கும்போது நம் விமான உலகம் அதைப் பெரிய ஆளாகப் பார்க்கிறது. காசு வாங்கிய பிறகு அப்படியொரு பயணி இருப்பதே யார் கண்ணிலும் படுவதில்லை.

விமானத்தில் போகிறவளுக்கு என்ன குறை வந்தது என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஜோகுபாளையம் பணக்காரப் பேட்டை அல்ல. அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குழாயடியில் கேட்கும் தெருக்கள். 2024 ஆகஸ்ட் 31 முதல் பெங்களூரு கண்டோன்மென்டுக்கும் மதுரைக்கும் வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. சுமார் எட்டு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். முன்கூட்டியே தெரிந்த பயணம் என்றால் அதில்தான் போகிறோம். அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறார்கள் என்று நடு ராத்திரியில் போன் வந்தால் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் விமானம் என்பது இப்படித்தான், நோய்க்கும் சாவுக்கும் ஓடுகிற வழி.

2008 மே மாதம் வரை விமான நிலையம் எங்களுக்கு ஆட்டோ தூரம். எச்.ஏ.எல். நிலையத்தைப் பயணிகளுக்கு மூடி, எல்லாம் தேவனஹள்ளிக்குப் போன பிறகு சுமார் 35 கிலோமீட்டர். ஹெப்பாளில் வண்டி மாட்டிக்கொண்டால், மதுரைக்குப் பறக்கிற நேரத்தைவிட ரோட்டில் கழிகிற நேரம் அதிகம். விமானத்தின் படியில் கால் வைக்கும்போதே குழந்தைக்குப் பாதிப் பொறுமை போயிருக்கும்.

முதலில் காசு விஷயம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் உட்காரும், அதற்கு ஒரு சிறு கட்டணம். இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் தனி இருக்கை. குறைந்த கட்டண விமானங்களில் அதற்குப் பெரியவர்களுக்கு வாங்கும் அதே தொகை. ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வரை, படுக்கை வேண்டாமென்றால் அரை டிக்கெட். 1994 முதல் விமானக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன, அரசு தலையிடுவதில்லை என்பீர்கள். சரி, அவர்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் டிக்கெட்டில் அரசின் அனுமதியோடு ஏறும் தொகைகளும் இருக்கின்றன. பாதுகாப்புக் கட்டணம் 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய் ஆனது. அது போக, விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம். இரண்டிலும் விலக்கு இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான். அந்த வரம்பை ரயில்வேயைப் போல ஐந்து வயதாக்குங்கள். மூன்று வயதுக்காரியைச் சோதிக்க ஆகும் செலவு, அவள் கையிலிருக்கும் கரடி பொம்மையை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடுவதற்குமேல் என்ன இருக்கப்போகிறது?

அடுத்தது இருக்கை. 2024 ஏப்ரலில் உங்கள் துறையின் கீழுள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) ஒரு நல்ல காரியம் செய்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோரில் அல்லது காப்பாளரில் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் தர வேண்டும், தந்ததற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு வெப் செக்-இன் திரைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். நான் போன விமானத்தின் படம் போனில் விரிந்தது. முன்வரிசைகள் ஒரு நிறம், ஜன்னலோரங்கள் இன்னொரு நிறம், ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு விலை. காசில்லாமல் கிடைத்தவை கடைசி வரிசைகளின் நடு இருக்கைகள், அவையும் ஆளுக்கொரு மூலையில். குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவது உங்கள் உரிமை, இதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்று ஒரு வரி அந்தத் திரையில் எங்குமே இல்லை. மூன்று வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைப்பதை நினைத்ததுமே விரல் தானாகப் பணம் கட்டும் பொத்தானுக்குப் போய்விட்டது. சட்டப்படி இலவசமாகக் கிடைக்க வேண்டியதைப் பயம் காட்டி விற்கிறார்கள்.

பணம் கட்டாமல் தெம்பாக வருகிறவர்களின் கூத்து விமானத்துக்குள் நடக்கும். நடைபாதையில் ஒரு கையில் குழந்தை, தோளில் பை, பின்னால் வரிசை நெருக்க, "சார், கொஞ்சம் மாறி உட்காருவீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கெஞ்ச வேண்டும். அநேகமாக யாராவது ஒரு நல்ல மனிதர் எழுந்துவிடுகிறார். அவரும் தன் ஜன்னலோரத்துக்குக் காசு கட்டியவர்தான். நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை அவர் கைக்காசு போட்டுச் செய்கிறார். டிக்கெட் பதிவாகும்போதே குழந்தையின் வயது கணினிக்குத் தெரியும். அந்த நிமிஷமே பக்கத்து இருக்கை தானாக ஒதுக்கப்பட வேண்டும், திரையில் அதை எழுதிக் காட்டவும் வேண்டும் என்று உத்தரவை ஒரு படி நீட்டினால் போதும்.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. மடியில் உட்காரும் குழந்தைக்கு, தாயின் பெல்ட்டோடு கோக்கும் சின்ன பெல்ட் ஒன்றை நம் விமானங்களில் தருகிறார்கள். ஐரோப்பாவில் மடிக்குழந்தைக்கு அது கட்டாயம். அமெரிக்காவில் அதே பெல்ட்டுக்குத் தடை. மோதலின்போது தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். 1989 ஜூலை 19 அன்று அயோவா மாகாணத்தின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்தபோது அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தையைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். மோதிய வேகத்தில் பிடி நிற்கவில்லை. நான்கில் ஒரு குழந்தை இறந்தது. எல்லாக் குழந்தைக்கும் தனி இருக்கையும் தக்க பெல்ட்டும் வேண்டும் என்று பிரவுன் அதன்பிறகு பல ஆண்டுகள் போராடினார். அந்நாட்டு விபத்து விசாரணை வாரியமும் அதையே சொல்லிவருகிறது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்ந்து போனபோதும் உள்ளே மூன்று மடிக்குழந்தைகள் இருந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

இருந்தும் அமெரிக்க அரசு தனி இருக்கையைக் கட்டாயமாக்கவில்லை. கூடுதல் டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் சாவார்கள் என்பது காரணம். நம் சாலைகளை அறிந்த யாரும் இந்தக் காரணத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். அதனால் கட்டாயமாக்குங்கள் என்று நானும் சொல்லவில்லை. விரும்புகிறவர்களுக்கு வழி தெளிவாக இருக்கட்டும். கார் சீட்டைக் கொண்டு வரலாமா, எந்த வகை, எந்த வரிசையில் பொருத்தலாம்? பெரியவர்களுக்கென்று செய்த இடுப்புப் பெல்ட்டில் நழுவும் மூன்று வயதுக்காரிக்குத் தோளையும் பிடிக்கும் கூடுதல் பெல்ட் மாட்டலாமா? பத்து முதல் இருபது கிலோ எடையுள்ள குழந்தைகளுக்கென்று அப்படியொரு பட்டைக்கு அமெரிக்காவில் 2006லேயே அங்கீகாரம் கிடைத்துவிட்டது. இங்கே கால் சென்டரில் கேட்டால் ஒரு பதில், கவுன்டரில் ஒரு பதில், விமானத்துக்குள் ஒரு பதில். டி.ஜி.சி.ஏ. ஒரே ஒரு பக்கத்தில், படத்தோடு, மாநில மொழிகளிலும் இதை வெளியிடலாம். அதன் நகல் ஒவ்வொரு விமானத்திலும் பணியாளர் கையில் இருக்கட்டும்.

நான்காவது கோரிக்கைக்குச் சல்லிக்காசு செலவில்லை. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதுபோலக் குறைந்திருக்கும். கீழே இறங்க இறங்க அழுத்தம் ஏறும். தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் குழந்தைக்குக் குட்டையாகவும் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் அது எளிதில் திறந்து சமன் செய்யாது. செவிப்பறை உள்நோக்கி இழுபடும்போதுதான் அந்த வீறிடல். எதையாவது விழுங்கினால் குழாய் திறக்கும். ஆகவே பாலோ தண்ணீரோ இறங்கத் தொடங்கும்போதே கொடுக்க வேண்டும். எங்களுக்கோ, சீட் பெல்ட் விளக்கு எரிந்து, பணிப்பெண் குப்பை வாங்க வரும்போதுதான் இறங்குவதே தெரிகிறது. அதற்குள் பிள்ளை அலறத் தொடங்கியிருக்கும், புட்டியைத் தட்டிவிடும். தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா வேண்டாமா என்று நான் தவிப்பதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது. "இறங்கத் தொடங்குகிறோம், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பால் கொடுக்கலாம்" என்று விமானி அறையிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும். நூற்றைம்பது பேரின் காதுக்கும் அது நிம்மதி.

குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களைப் பற்றி நான் புகார் சொல்ல வரவில்லை. 2016ல் இண்டிகோ சில வரிசைகளை அமைதிப் பகுதி என்று ஒதுக்கி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை என்றது. காசு கொடுத்து அமைதி வாங்க நினைப்பவர்கள் வாங்கட்டும். ஆனால் குழந்தையின் பதற்றத்தையே பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கும் போக்குக்கு ஓர் எல்லை வேண்டும் என்று உங்கள் துறையே ஒருமுறை காட்டியிருக்கிறது. 2022 மே மாதம் ராஞ்சியில், சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு சிறுவன் பதற்றமாக இருக்கிறான் என்று சொல்லி ஒரு நிறுவனம் விமானத்தில் ஏற்ற மறுத்தது. விசாரித்த டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மருத்துவரிடம் கேட்காமல் அப்படி மறுக்கக் கூடாது என்று விதியும் திருத்தப்பட்டது. தரைப் பணியாளர் ஒருவர் குனிந்து இரண்டு வார்த்தை இதமாகப் பேசியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். குழந்தைகளோடு பேசப் பழக்குவதைப் பணியாளர் பயிற்சியிலேயே சேர்த்துவிடலாமே.

கடைசியாக, தாமதம். விமானம் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. வருவது பெரும்பாலும் ஒரு சாண்ட்விச்சும் ஒரு டப்பா ஜூஸும். பத்து மாதக் குழந்தை அதை என்ன செய்யும்? சத்துமாவைக் கரைக்க வெந்நீர் கேட்டு, காபிக் கடையில் ஒரு டம்ளருக்கு நான் வரிசையில் நின்றிருக்கிறேன். 2025 டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது நிலையங்களின் தரையில் படுத்துக் கிடந்த கூட்டத்தில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று தொலைக்காட்சி பார்த்த எல்லாருக்கும் தெரியும். அதே வாரத்தில் நீங்கள் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு போட்டீர்கள், 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று. ஆக, அரசு மனம் வைத்தால் ஒரு ராத்திரியில் முடிகிறது. உடான் யாத்ரி கஃபே என்று மலிவு விலைக் கடை திறந்து, முதலில் கொல்கத்தா விமான நிலையத்திலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் பத்து ரூபாய்க்கு டீ தந்தீர்கள். பெங்களூரு தனியார் நடத்தும் நிலையம்தான், ஆனாலும் உங்கள் விதிக்குள் வருவது. தாமதச் சிற்றுண்டி என்றால் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சூடான பால், வெந்நீர், இட்லி அல்லது குழைந்த சாதம் என்று எழுதிவிடுங்கள். எந்த நிறுவனமும் இதனால் நொடித்துப்போகாது.

1934ஆம் ஆண்டின் பழைய வானூர்திச் சட்டத்தை எடுத்துவிட்டு 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது உங்கள் காலத்தில்தான். நான் கேட்பவற்றுக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. இருக்கை, இறங்கும்போது அறிவிப்பு, தாமதத்தில் பால் ஆகிய மூன்றும் ஒரு சுற்றறிக்கையில் அடங்கும். பெல்ட் விளக்கம் ஒரு பக்கம். கட்டண விலக்குக்கு மட்டும் நிதிக் கணக்குப் போட வேண்டியிருக்கும். சுற்றறிக்கையை வரும் கோடை விடுமுறைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் பள்ளிகளை மூடியதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பதில் எழுதினால் தெலுங்கிலேயே எழுதலாம். எங்கள் தெருவில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜோகுபாளையத்திலிருந்து ஒரு தாய்