அளவு தவறும் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒருநாள் அணியில் இடமுண்டா?

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இந்திய ஒருநாள் அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரே வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது. ஓர் இளைஞர் வேகமாக வீசுகிறார். ஆனால் அவருக்கு அளவும் திசையும் நிலைப்பதில்லை. அவரைப் பன்னாட்டு ஆட்டத்தில் இறக்குவது துணிவா, பொறுப்பின்மையா? 2025 அக்டோபரில் ஹர்ஷித் ராணாவை முன்னிட்டு இவ்விவாதம் பெரும் இரைச்சலாயிற்று. முன்னாள் அணித்தலைவர் ஸ்ரீகாந்த் தம் யூடியூப் தளத்தில் அத்தேர்வைக் கடுமையாகச் சாடினார். பயிற்சியாளர் கௌதம் கம்பீர் சினத்துடன் மறுமொழி கூறினார். அந்த இரைச்சலுக்கிடையே எனக்கு நினைவுக்கு வந்த பெயர் வேறொன்று: உம்ரான் மாலிக்.

ஜம்முவில் பழ வணிகர் ஒருவரின் மகன்; பதினேழு வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2022 ஐபிஎல் பருவத்தில் சன்ரைசர்ஸ் அணிக்காக 22 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மணிக்கு 150 கிலோமீட்டர் என்பது அவருக்கு அன்றாட வேகம். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, 23 வயது நிரம்பிய மூன்றாம் நாள், ஆக்லாந்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். முதல்தர ஆட்ட அனுபவம் அவருக்கு மிகக் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஆட்டத்தின் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 306 ஓட்டங்களைக் காக்க முடியாமல் இந்தியா தோற்றது. டாம் லேதம் 145 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். உம்ரான் 10 ஓவர்களில் 66 ஓட்டங்கள் கொடுத்து, டெவன் கான்வே, டேரில் மிட்செல் ஆகிய இருவரையும் வீழ்த்தினார். கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்ற அர்ஷ்தீப் சிங் 8.1 ஓவர்களில் 68 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெட் இல்லை. அனுபவசாலியான ஷர்துல் தாக்குர் ஒரே ஓவரில் 25 ஓட்டங்களை இழந்தார். நியூசிலாந்து இழந்த மூன்று விக்கெட்டுகளில் இரண்டு, அளவு தவறுபவர் என்று நாம் அஞ்சிய இளைஞர் எடுத்தவை.

2023 ஜனவரியில் குவாஹாட்டியில் இலங்கைக்கு எதிராக 57 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். ஜூலை இறுதியில் பிரிட்ஜ்டவுனில் இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் சேர்த்து ஆறு ஓவர்கள், விக்கெட் இல்லை. மூன்றாம் ஆட்டத்தில் அவர் இல்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய அணியின் வாசலை அவர் மிதிக்கவில்லை. ஆக மொத்தம் 10 ஒருநாள் ஆட்டங்கள், 13 விக்கெட்டுகள், ஓவருக்கு ஏறத்தாழ ஆறரை ஓட்டங்கள். இடையில் காயமும் நோயும் அவரை வருத்தின. 2025 ஐபிஎல் பருவத்தைக் காயத்தால் முற்றிலும் இழந்தார். ஆகவே முழுப் பழியையும் தேர்வாளர்கள் மீது சுமத்துவது நேர்மையன்று. ஆயினும், ஏறத்தாழ அறுபது ஓவர்களைக் கொண்டு ஒரு வீச்சாளரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முடியுமா? இத்தனை சிறிய மாதிரியை வைத்து நான் ஓர் ஆய்வு முடிவை எழுதிக் கொடுத்தால், என் நெறியாளர் அன்றே அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவற்றதன்று. ஒருநாள் ஆட்டத்தின் விதிகள் அளவு தவறுபவரைத் தண்டிக்கவே எழுதப்பட்டவை போலத் தோன்றும். கால்புறம் சற்றே விலகினாலும் வைடு. எந்த வகை நோ பாலாயினும் ஃப்ரீ ஹிட். முதல் பத்து ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர். பதினொன்று முதல் நாற்பது வரை நால்வர் மட்டுமே. 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையின் விளிம்பில் பட்டாலே எல்லைக்கோட்டை நோக்கி ஓடும். ஒருவருக்குப் பத்து ஓவர்களே உச்சவரம்பு. ஆகவே ஐந்து வீச்சாளர்களில் ஒருவர் சிதறினால், அவருடைய பங்கை எவர் வீசுவது என்பதே அணித்தலைவரின் கவலை. ரஞ்சிக் கோப்பையில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வீசி வரிசையில் காத்திருப்பவருக்கு இது அநீதி என்பாரும் உளர். அவர்களுடைய ஆதங்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வேகத்தால் கிடைப்பது என்ன என்பதையும் கணக்கிட வேண்டும். இரு முனைகளின் ஆடுகோடுகளுக்கும் இடையிலான தொலைவு 17.68 மீட்டர். தரையில் பட்டு வேகம் குறைவதை ஒதுக்கிவிட்டால், 135 கிலோமீட்டர் வேகப் பந்து அத்தொலைவை ஏறத்தாழ 0.47 நொடியில் கடக்கும். 150 கிலோமீட்டர் வேகப் பந்துக்கு 0.42 நொடி போதும். நொடியில் நூறில் ஐந்து பங்குதான் வேறுபாடு. நன்றாக நிலைத்துவிட்ட மட்டையாளரையும் தடுமாற வைக்க அது போதும். பந்து பழகி, ஆடுகளம் ஓய்ந்து, இருவர் கூட்டணி அமைத்து ஓட்டம் குவிக்கும் நடு ஓவர்களில் விக்கெட் வீழ்த்த இத்தகைய வீச்சாளர் தேவை. அங்கே 10 ஓவர்களில் 50 ஓட்டங்கள் கொடுத்து விக்கெட் எடுக்காதவரைவிட, 65 ஓட்டங்கள் கொடுத்து மூவரை வீழ்த்துபவர் அணிக்கு அதிகம் தருகிறார் என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 2023 ஜூலை முதல் தேர்வுக் குழுவின் தலைவராக இருப்பவர் அஜித் அகர்கர். 1998இல் அறிமுகமாகி, 23 ஆட்டங்களில் 50 விக்கெட் எடுத்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தவர். ஓவருக்கு ஐந்து ஓட்டங்களுக்கு மேல் கொடுப்பது ஊதாரித்தனமாகக் கருதப்பட்ட காலத்தில், அவருடைய மொத்தக் கணக்கு ஐந்தைத் தாண்டியே முடிந்தது. ஓட்டங்களை வாரி வழங்குகிறார் என்ற குறை அவரை இறுதிவரை தொடர்ந்தது. இருந்தும் அணி அவரை 191 ஆட்டங்களில் ஆட வைத்தது. அவர் 288 விக்கெட்டுகளைத் திருப்பித் தந்தார். பொறுமை என்ன ஈட்டித் தரும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவர்?

ராணாவின் முதல் ஒருநாள் ஆட்டமும் இதையே சொல்கிறது. 2025 பிப்ரவரி 6, நாக்பூர். இங்கிலாந்தின் ஃபில் சால்ட் அவருடைய ஒரே ஓவரில் 26 ஓட்டங்கள் விளாசினார். அத்துடன் அன்றைய கதை முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். ஆனால் ரோஹித் சர்மா பத்தாம் ஓவரை அவர் கையிலேயே கொடுத்தார். அந்த ஓவரில் டக்கெட்டும் புரூக்கும் வீழ்ந்தனர். ஏழு ஓவர்கள், 53 ஓட்டங்கள், மூன்று விக்கெட்டுகள். அவ்வாண்டு அக்டோபரில் சிட்னியில் 39 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். ராணா மகத்தான வீச்சாளர் என்று நான் வாதிடவில்லை. அடிபட்ட பின்னும் பந்து மீண்டும் அவரிடம் வந்தது என்பதையே சுட்டுகிறேன்.

ஆகவே என் நிலைப்பாடு இது. அளவு தவறும் இளைஞரைத் தேர்ந்தெடுப்பது தவறன்று. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அரைமனத்துடன் தேர்ந்தெடுப்பதே தவறு. எடுப்பதானால் மூன்று உறுதிகள் வேண்டும். முதலாவது, அவருக்குரிய பணி தெளிவாக இருக்க வேண்டும்: நடு ஓவர்களில் சிறு சிறு தவணைகளாக, விக்கெட் எடுப்பதற்காக மட்டும். இரண்டாவது, அணியில் ஆறாவது வீச்சாளர் ஒருவர் இருக்க வேண்டும். அப்போதுதான் இளைஞரின் ஒரு மோசமான ஓவர் ஆட்டத்தையே பறிகொடுக்கும் விபத்தாகாது. மூன்றாவது, காயம் நேர்ந்தாலன்றி இருபது ஆட்டங்கள் வரை அவரை ஓட்டக் கணக்கைக் கொண்டு விலக்கக் கூடாது. அதற்குப் பின்னும் தேறவில்லையெனில், காரணத்தைச் சொல்லி ரஞ்சிக்கு அனுப்பலாம், அதில் இழிவில்லை. இவற்றைத் தர மனமில்லையெனில் முதலிலேயே எடுக்காமல் விடுவது மேல்.

காலமும் இங்கே ஒரு பகைவன். வருண் ஆரோனை நினைவில் கொள்ளுங்கள். 2011இல் பெரும் வேகத்துடன் வந்தவரை முதுகெலும்பு முறிவுகள் மீண்டும் மீண்டும் சாய்த்தன. ஒன்பது ஒருநாள் ஆட்டங்களுடன் அக்கதை முடிந்தது. உடல் இத்தகைய வேகத்தைத் தாங்கும் ஆண்டுகள் சிலவே. அவற்றைப் பதிலி வீரர்களின் இருக்கையில் கழிக்கச் சொல்வது இரக்கமற்ற செயல்.

உம்ரானின் கதையை எங்கோ ஒரு சிற்றூரில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனும் பார்த்துக்கொண்டிருப்பான். வேகமாக வீசினால் வாழ்த்துவார்கள், அடிபட்டால் மறந்துவிடுவார்கள் என்று அவன் புரிந்துகொண்டால், நாளை அவனே தன் வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்வான். அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் பதிவாகாது.

மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக மறுக்கலாம். பெயர்களை ஏசாமல், கணக்குடன் வந்தால் மகிழ்வேன்.