மாநகர் வாயிலில் ஒரு மாதரி

ஊர்விட்டு ஊர் செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் சிற்றூரிலிருந்து மாநகருக்குள் முதன்முதல் காலடி வைக்கும் இளைஞரின் உள்ளநிலையைக் கல்வி உலகம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வட்டாரம் அது. அரசு கலை அறிவியல் கல்லூரி அங்கேயே இருத்தலால் பட்டம் வாசற்படிக்கு வந்துவிட்டது. பட்டத்திற்கேற்ற பணி வரவில்லை. ஆகவே மாணவர் சென்னைக்குப் பேருந்து ஏறுகின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 320 பேர். சென்னை மாவட்டத்திலோ 26,000க்கும் மேற்பட்டோர். ஓர் இரவுப் பயணத்தில் ஏறத்தாழ எண்பது மடங்கு நெரிசலுக்குள் ஓர் இளைஞர் இறக்கிவிடப்படுகின்றார்.

அவர் தந்தையார் தலைமுறை பாரிமுனையில் இறங்கியது. 2002க்குப் பின் கோயம்பேட்டில் இறங்கியது. இன்றைய இளைஞரோ 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கத்தில் இறங்குகின்றார். சென்னை வந்துவிட்டதென எண்ணி இறங்குவோர்க்கு நகரின் நடுப்பகுதி இன்னும் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் இருக்கின்றது. எந்தப் பேருந்தில் ஏறுவது, யாரைக் கேட்பது, பையை எங்கே வைப்பது என்னும் கவலைகளோடுதான் மாநகர் அறிமுகமாகின்றது. வழி கேட்டால் நின்று விடை சொல்வாரில்லை. ‘இந்த ஊரில் மனிதரே இல்லை’ என்னும் முடிவு முதல் நாளிலேயே பிறந்துவிடுகின்றது.

இம்முடிவு சரிதானா? மதுரை மாநகருள் புகுந்த இருவரை நினைவுகூர்வோம். சிலப்பதிகாரக் கோவலன் மதுரையின் அங்காடித் தெருக்களைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்து, புறஞ்சேரிக்கு மீண்டு கவுந்தியடிகளிடம் அந்நகரைப் புகழ்ந்துரைத்தான். அதே நகரில்தான் பின்னர்ச் சிலம்பு விற்கச் சென்று உயிரிழந்தான். பதினான்காம் நூற்றாண்டில் அதே மதுரைக்கு வந்த பயணி இப்னு பதூதா, அகன்ற வீதிகளையும் கண்டார். கொள்ளைநோயில் மக்கள் மடிவதையும் கண்டார். தாமும் காய்ச்சலுற்று, அம்மண்ணில் விளைந்த புளியைக் கரைத்துக் குடித்து நலம்பெற்றதாக எழுதியுள்ளார். முன்னவர்க்கு இனிய தோற்றம் பொய்த்தது. பின்னவர்க்கு அச்சந்தந்த ஊரே மருந்தும் தந்தது. முதல் தோற்றம் நகரின் இயல்பன்று. நாம் நுழைந்த வேளையின் இயல்பே என்பது இதனாற் பெறப்படும்.

நகர மாந்தர் முகங்கொடுத்துப் பேசாமைக்கும் காரணம் உண்டு. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் கேயார்க் சிம்மல் 1903இல் இதனை ஆராய்ந்தார். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முகங்களைக் காண்பவர் ஒவ்வொரு முகத்திற்கும் உள்ளத்தைத் திறந்துவைத்தல் இயலாது. அந்த ஒதுக்கம் அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் கவசமே என்பது அவர் கருத்தின் சாரம். அக்கவசத்தின் உள்ளே ஈரம் உண்டு என்பதற்கு 2015 டிசம்பர் வெள்ளமே சான்று. அன்று மீனவர் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தனர்; பள்ளிவாசல்களும் பிற வழிபாட்டிடங்களும் முன்பின் அறியாதார்க்குக் கதவு திறந்தன.

ஆயினும், ‘நகரம் நல்லதே, அஞ்சாதே’ என்று கூறி அனுப்பிவிடுதல் போதாது. தண்ணீரில் தள்ளினால் நீச்சல் தானே வரும் என்பாரும் உளர். நகரில் மாமனோ சிற்றப்பனோ இருப்பவர்க்கு அது பொருந்தலாம். ஒருவரும் இல்லாதவர் கையிருப்பு விடுதி முன்பணத்திலேயே கரைந்துவிட, சில வாரங்களில் ஊர் திரும்புகின்றார். திறமை இருவர்க்கும் ஒன்றே. உறவினர் இருப்பதே வேறுபாடு. பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே இவ்வாறு மீள்கின்றனர் என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துவது.

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். ஒருவர் சமணத் துறவி. மற்றவர் திருமாலை வழிபடும் ஆயர் குலப் பெண். அடைக்கலம் பெற்றவள் வணிகர் மகள். சமயமும் குலமும் அடைக்கலத்திற்குத் தடையாகவில்லை. மாதரியின் மனையில் கண்ணகி பாதுகாப்பாக இருந்தாள்; வழித்துணையின்றி அங்காடிக்குச் சென்ற கோவலனே வீழ்ந்தான். புதிதாக வருவார்க்குத் தங்க இடமும் வேண்டும். உடன்வர ஒரு துணையும் வேண்டும்.

நாம் வேண்டுவன அரியனவல்ல. ஒவ்வொரு கல்லூரியும் சென்னையில் வாழும் தன் முன்னாள் மாணவர் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கட்டும். விடைபெறும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் சான்றிதழோடு இரண்டு தொலைபேசி எண்கள் வழங்கப்படட்டும். அங்கு வணிகம் புரியும் பெரியோர் முதல் பத்து நாள் தங்க இடந்தந்து உதவட்டும். பணிக்குச் செல்லும் மகளிர்க்குத் தாம்பரம் முதலிய இடங்களில் அரசின் ‘தோழி’ விடுதிகள் உள்ளன. புறப்படுமுன்பே அங்கு விண்ணப்பிக்கப் பேராசிரியர்கள் வழிகாட்டட்டும். மாணவராயின் எச்சமயத்தார், எவ்வூரார் என்னும் வினா இவ்வுதவியில் எழவே கூடாது.

பட்டம் அளிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கும் நம் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவர் அங்கு நிற்பாராயின், அம்மாநகர் அன்றே அவர்க்குச் சொந்த ஊராகத் தொடங்கிவிடும். அவ்வொருவராக நாம் ஒவ்வொருவரும் முன்வருவோமாக!